வேனம்மாவுக்கு நாலு டயர்

டயர் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பஞ்சராகி வருவார்கள், நடு ரோட்டில் வெடித்துத் தலைதெறிக்க வருவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு அவசரமாகப் போகிற வழியில் மாட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் ஆகும்?" இரண்டாவது கேள்வி, "இதையே ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாதா?" கடைக்காரன் இருபது வயதிலிருந்து இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே நெற்றியில் கோடு விழுந்தவன்.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் போகிற ரோட்டில், பழைய இரும்புக் கடைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கடை. வெயில் ஏறினால் உள்ளே அடுக்கியிருக்கும் டயர்களிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை வலிக்கும். கடைக்காரனின் மனைவிக்கு அது பழகி, லீவு நாளில் அந்த வாசனை இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அவன் பழைய டயரை நெம்பிக் கழற்றிப் புதிதை ரிம்மில் மாட்டிக் கொடுப்பான். அவள் அதைப் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றி, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அந்தப் பக்கம் சின்ன ஈயக்கட்டையை ஒட்டுவாள்.

"வீட்டிலயும் உனக்கு இதே வேலைதான்" என்று மாமியார் அவளைக் கேலி செய்வாள். "அந்தப் பக்கம் உன் புருஷன், இந்தப் பக்கம் நான்."

மாமியாரை ஊரில் எல்லோரும் வேனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அவள் வேனில் போய்வந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர்கள் பிள்ளைகளையும் அதே வேனில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு காலம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டுப் போட்ட வேன் அது. சைக்கிள்காரர்கள் கூட முந்திக்கொண்டு போவார்கள். வயதாகிவிட்டது என்று பள்ளிக்கூடம் மாலை போட்டு அனுப்பி வைத்த அடுத்த மாதமே, வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பல் டாக்டரிடமிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் பதுங்கியிருந்த அதைப் பார்த்துவிட்டு மகன் "தவளை" என்று பேர் வைத்தான். பாராட்டி வைத்த பேர் இல்லை.

வெயில்காலம் தொடங்கிய சமயம் அது. ஒரு நாள் காலையில் தவளை நேராகக் கடைக்குள்ளேயே வந்து நின்றது.

"டயர் மாத்தணும்டா" என்றாள் வேனம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து எழுந்து வந்து. ஏறுவதும் இறங்குவதும்தான் அந்தக் காரில் அவளுக்குக் கஷ்டம். நடுவில் எல்லாம் சுகம்.

கடைக்காரன் குனிந்து பார்த்தான். தரையைப் பிடிக்கிற பட்டன்கள் தேயாமல் அப்படியே இருந்தன. ஆனால் பக்கவாட்டில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடிப்பு. ஓரத்தில் அச்சடித்திருந்த தேதியைத் துடைத்துப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பல் டாக்டர் வண்டிய ஓட்டினதே இல்ல போல. நின்னு நின்னே ரப்பர் செத்துப் போச்சு. சரி, நாலுக்கும் ஆல் சீசன் போட்டுடறேன். வெயிலு, மழை, குளிரு எல்லாத்துக்கும் ஒண்ணே. சத்தம் வராது, ரொம்ப நாள் உழைக்கும்."

"எனக்கு ரொம்ப நாள் உழைக்கறது வேணாம். வெயில்ல ரோட்டை நல்லாப் பிடிக்கறது வேணும். சம்மர் டயர்."

"எதுக்கு?"

வேனம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் ஈயக்கட்டை டப்பாவுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும்.

"கார் சங்கத்துக்காரங்க மலை ரோட்டுல நடத்துவாங்கல்ல, ஒவ்வொரு வண்டியா மேல விட்டு நேரம் பார்ப்பாங்களே... அதுல பேர் கொடுத்திருக்கேன்."

கையிலிருந்த நெம்புகோலைக் கடைக்காரன் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான். அவன் கோபம் அப்படித்தான்.

"அம்மா, நீ ஸ்கூல் வேன் ஓட்டினவ."

"ஆமா. இந்த ஊரு பெத்த பிள்ளைங்கள என்னை நம்பித்தானே ஏத்தி அனுப்பிச்சுது."

"அது வேற, இது வேற. ஒரு சொட்டு மழை பெஞ்சா அந்த ரோடு எப்படி ஆகும் தெரியுமா? அங்கேருந்து எத்தனை ரிம்மு அப்பளமா நொறுங்கி இங்க வந்திருக்கு, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதான் நல்ல டயர் கேக்கறேன்."

"ஆல் சீசன் போட்டுக்கறதுன்னா போடறேன். வேற டயர் இந்தக் கடையில உனக்குக் கிடையாது."

"அப்ப ஒண்ணும் வேணாம்" என்றாள் வேனம்மா. அதே பழைய டயர்களோடு கார் பின்னால் நகர்ந்து, திரும்பிப் போய்விட்டது. கடைக்காரன் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்தும் இரண்டு பேச்சுத்தான். அம்மா மருமகளிடம் பேசுவாள், மகன் மனைவியிடம் பேசுவான். "அந்த உப்பை இங்க தள்ளச் சொல்லு" என்பான். உப்பு அம்மாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். "உன் புருஷனுக்கு முட்டை இன்னொண்ணு வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. புருஷன் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பான். மருமகளுக்கு முதல் நாள் சிரிப்பாக இருந்தது. பிறகு சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடை மூடுவதற்கு முன் டயர்களை உள்ளே உருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டே விட்டாள்.

"என்னங்க, அத்தைக்கு ஆசையா ஒண்ணு. அதுல என்னதான் உங்களுக்கு?"

அவன் உருட்டிக்கொண்டிருந்த டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாவை எத்தனை மாசம் நான் தூக்கி உட்கார வெச்சேன், தூக்கிப் படுக்க வெச்சேன். நீயும் பார்த்தேல்ல? கடைசியில ஒரு பிள்ளை கனம்தான் இருந்தாரு. எவ்வளவு பிடிச்சுப் பார்த்தும் நிக்கல. இவங்க ஒருத்தங்கதான் மிச்சம். இவங்களும் மலை மேல போய் வேகம் காட்டுறேன்னா எப்படிச் சும்மா இருக்கச் சொல்ற?"

மாமா போன வருஷம்தான் போனார். பகலெல்லாம் வேன், மீதி நேரமெல்லாம் நோயாளி என்று மாமியார் இருந்த இருப்பையும் அவள் பார்த்தவள்தான். இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்கும்போது நடுவில் நிற்கிறவளுக்கு மூச்சு முட்டுகிறது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் லேசாகத் தூறல் போட்டது. பல நாள் காய்ந்து கிடந்த ரோடு. தூசியும் எண்ணெயும் படிந்த ரோட்டில் முதல் தூறல் விழுந்தால் அது சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைதான். மருமகள் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நீ மட்டும் வாம்மா" என்றது மாமியாரின் குரல். "எனக்கு ஒண்ணும் ஆகல. அவன்கிட்ட சொல்லாத."

"எங்க இருக்கீங்க?"

"மலை ரோட்டுல. அணைக்கட்டுக்குத் திரும்பற வளைவு."

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கார் வந்த திசையைப் பார்த்தே திரும்பி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் மண்மேட்டில் சாய்ந்து, ஒரு பின்டயர் பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது. வேனம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, நனைந்த கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"மெதுவாத்தாம்மா வந்தேன். சத்தியமா. வேன்ல வர்ற வேகம்தான். பின்னாடி யாரோ புடிச்சு இழுத்த மாதிரி போச்சு, ஒரு சுத்து சுத்திடுச்சு."

மருமகள் அவள் தோள், கை, முழங்கால் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கும் அடியில்லை. பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"நான் சொல்லாம இருக்க மாட்டேன் அத்தை. அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லு" என்றாள் வேனம்மா. குரலில் சண்டைக்கான தெம்பே இல்லை.

கடைக்காரன் இழுவை வண்டியோடு வந்தான். அம்மாவைப் பார்த்தான். கிழிந்த டயருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, வெடிப்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தான். கத்துவான் என்று மருமகள் நினைத்தாள். அவன் காரைச் சங்கிலியில் மாட்டினான், அம்மாவுக்குக் கைகொடுத்து வண்டியில் ஏற்றினான், கடையைப் பார்க்க ஓட்டினான்.

"காரை வித்துடு" என்றாள் வேனம்மா, கடை வந்ததும். அவ்வளவுதான்.

கார் கடையின் உள்மூலையில், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, கட்டைகளின் மேல் நின்றது. வேனம்மா வீட்டில் இருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினாள், டிவியில் என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகனிடம் பேசினாள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் பழைய காரம் இல்லை. சண்டை தீர்ந்துவிட்டது, ஆனால் வீட்டுக்கு வெளிச்சம் வரவில்லை. "நான் கேட்டது இதுதானே, இப்ப ஏன் எனக்கே பிடிக்கல?" என்று அவன் மனைவியிடம் கேட்டான். அவள் "அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டாள். இந்த முறை எந்தப் பக்கமும் ஈயக்கட்டை ஒட்டுவதாக அவள் இல்லை.

காரைப் பார்க்க ஒருவர் வந்தார். கடைவீதியில் பெரிய துணிக்கடை வைத்திருக்கிற முதலாளி. சட்டையில் செண்ட் வாசனை, ரப்பர் வாசனையோடு கலந்து இரண்டும் கெட்டது. காரைச் சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, "பேசி முடிச்சுக்கலாம்" என்றார். "புது டயர் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க."

கடைக்காரன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். டயர் வாங்குகிற எல்லோரிடமும் கேட்பது. "எங்க ஓட்டுவீங்க, எப்படி ஓட்டுவீங்கன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி போடலாம்."

"ஓட்டறதா?" முதலாளி சிரித்தார். "கடை வாசல்ல நிறுத்தி வைக்கப் போறேன். ஆம்பளை பொம்மை ஒண்ணு, பொம்பளை பொம்மை ஒண்ணு, புதுத் துணி மாட்டி உள்ள உட்கார வெச்சா ஜனம் நின்னு பார்க்கும்ல? டயர் கறுப்பா பளபளன்னு இருந்தாப் போதும். பழசா இருந்தாக் கூடப் பாலிஷ் போட்டுக் கொடுங்க."

மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த மருமகள் அதை நிறுத்தினாள். கடைக்காரனின் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள்.

"வண்டி விக்கறதுக்கு இல்லைங்க" என்றான்.

"விக்கறதாச் சொன்னதாலதானேய்யா வந்தேன்?"

"வண்டிக்குச் சொந்தக்காரங்க மனசு மாறிட்டாங்க."

"எப்ப?"

"இப்பத்தான்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போனதும், கடைக்காரன் மனைவியிடம் திரும்பி, "அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லு" என்றான். "டயர் வாங்க வரச் சொல்லு."

வேனம்மா வந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரக்கையோடு வந்திருந்தாள். கடைக்காரன் கஸ்டமர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்க."

"என்னடா திடீர்னு மரியாதை?"

"கடைக்கு வந்தவங்களுக்குக் கொடுக்கற மரியாதைதான். டீ சொல்லட்டுமா?"

வேனம்மா மருமகளைப் பார்த்தாள். "இவனுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"பதில் சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள்.

"வண்டி எங்க ஓட்டுவீங்க? ஊருக்குள்ளயா, வெளியவா?"

"உனக்குத் தெரியாதாடா?"

"தெரியாது" என்றான் அவன். உண்மையாகவே சொன்னான். "எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன். உங்ககிட்ட கேட்டதில்ல."

வேனம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மலை ரோடு. காலையில. அணைக்கட்டு வரைக்கும் போவேன், அங்க ஒரு டீ குடிப்பேன், திரும்பிடுவேன்."

"மழையில?"

"மழையில எடுக்க மாட்டேன்னு சொல்ல ஆசைதான். கிளம்பறப்ப இல்லாத மழை திரும்பறப்ப வந்துடுதே."

"குளிர்காலத்துல?"

"குளிர் வந்தா முதுகு பிடிச்சுக்கும். வண்டிக்கு உறை போட்டு மூடிடுவேன், எனக்கும் போட்டு மூடிக்குவேன்."

"கூட யாராவது வருவாங்களா? எவ்வளவு கனம் ஏறும்னு தெரியணும், அதுக்குத்தான்."

டீ வந்தது. வேனம்மா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தானேடா ரெண்டு சீட்டு வண்டியா வாங்கினேன். வேன்ல எந்நேரமும் என் கண்ணு பாதி ரோட்டுல, பாதி பின்னாடி. எவன் ஜன்னல்ல கைய நீட்டறான், எவ வாந்தி எடுக்கறா, எவன் தூங்கிட்டான். வீட்டுக்கு வந்தா உங்கப்பா கூப்பிடறாரா, இருமறாரா... அங்கயும் காது பின்னாடிதான். யார் மேலயும் எனக்குக் குறை இல்ல. எல்லாம் நான் ஆசையாச் செஞ்சதுதான். ஆனா இந்த வண்டியில உட்கார்ந்தா பின்னாடின்னு ஒண்ணு இல்லடா. சீட்டே இல்ல. முன்னாடி மட்டும்தான். அந்த வளைவு வரும், அதை நல்லா எடுக்கணும், அவ்வளவுதான் கவலை. எனக்கு இப்படி ஒண்ணு இருக்கும்னே தெரியாமப் போச்சு இத்தனை நாளா."

கடைக்காரன் பழைய டயர் ஒன்றை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அன்னைக்கு வண்டி சுத்தினப்ப பயந்துட்டேன்" என்றாள் வேனம்மா. "போய்ச் சேர்ந்துடுவோம்னு இல்ல. ஐயோ, இவன் சொன்னது சரியாப் போயிடுச்சேன்னு."

"நான் சொன்னது சரியில்லம்மா." மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. "அந்த டயரை நான் பார்த்தேன். வேற யாரு வந்திருந்தாலும் சாவியப் புடுங்கி வெச்சிருப்பேன், இந்த டயரோட வாசலைத் தாண்டாதீங்கன்னு. உன்னை அப்படியே போக விட்டேன். டயர் இல்லேன்னா நீ தானா வீட்டுல உட்கார்ந்துடுவேன்னு நினைச்சேன். நீ மெதுவாத்தான் போன. உன்னை விழத் தள்ளினது வேகம் இல்ல."

"சரி விடு" என்றாள் வேனம்மா. "டீ ஆறுது, நீயும் குடி."

அதற்குப் பிறகு பேச்சு முழுக்க டயராகிவிட்டது. அவன் உள்ளே போய் மாதிரிக்கு வைத்திருந்த இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றில் பள்ளங்களே அதிகமில்லை, கிட்டத்தட்ட மொட்டை. வேனம்மா அதைத் தடவினாள்.

"கையில ஒட்டற மாதிரி இருக்குடா. இதுதான் வேணும்."

"இது பந்தயத் தளத்துல ஓட்டறது. சூடேறினா பசை மாதிரி பிடிக்கும். ஆனா தண்ணி ஒதுங்க வழியே கிடையாது. நீ திரும்பி வர்றப்ப மழை பிடிச்சுக்கிச்சுன்னா, அன்னைக்கு நடந்ததை விட மோசம்."

"பந்தயத்துக்குத்தானே போறேன்?"

"பந்தயம் ஒரு நாள் அத்தை" என்றாள் மருமகள். "அணைக்கட்டு டீ தினமும்."

வேனம்மா யோசித்தாள். அந்த டயரை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இன்னொண்ணு?"

"இதுவும் சம்மர் டயர்தான், ரோட்டுக்குன்னு செஞ்சது. ரப்பர் மிருது. நடுவுல பாரு, அகலமா நாலு வாய்க்கால். தண்ணி இப்படி ஒதுங்கிடும். உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் ஒரு மாதிரி வெட்டியிருக்கான். வளைவுல இந்த வெளி ஓரம், வெளித்தோள்னு சொல்லுவோம், இதுதான் கனம் தாங்கும், அதான் அங்க பட்டன் பெருசு. ரெண்டு விஷயம். சீக்கிரம் தேயும். குளிர்ல ரப்பர் கல்லாயிடும், அப்ப வண்டியவே எடுக்கக் கூடாது."

"அதான் ரெண்டு பேரும் உறைக்குள்ள இருப்போமே."

"இன்னொண்ணு. பல் டாக்டரு நாலுக்கும் ஒரே அளவு போட்டு வெச்சிருந்தாரு. இந்த வண்டிக்கு முன்னாடி குறுகல், பின்னாடி அகலம். அன்னைக்குப் பின்பக்கம் வாரினதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவா? செருப்புக் கடைக்காரன் கூட இப்படி விக்க மாட்டானேடா!"

கடைக்குள் மூன்று பேரும் சிரித்தார்கள். இரும்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டயர்கள் பார்சல் லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் அச்சடித்த தேதியைக் கடைக்காரன் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டான். ரிம்மின் உள்விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, டயரின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, மெல்ல மெல்ல மெஷினில் ஏற்றினான். காற்றடித்தபோது டயர் ரிம்மில் போய் 'டப்' என்று உட்காருகிற சத்தம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமாக, எட்டு முறை கேட்டது. மருமகள் ஒவ்வொன்றையும் சுழற்றி, வழக்கத்தை விட ஒரு தடவை கூடுதலாகச் சரி பார்த்தாள். சக்கரங்களின் கோணத்தையும் இருவருமாக நேர் செய்தார்கள். வெயிலில் இருவர் முதுகும் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

"புது டயருக்கு மேல வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கும்" என்றான் கடைக்காரன். "அது தேயற வரைக்கும் அதிரடி எதுவும் கூடாது. கொஞ்ச நாளைக்கு நானும் கூட வர்றேன்."

"பின் சீட்டு இல்லடா."

"முன் சீட்டு ஒண்ணு காலியாத்தானே இருக்கு?"

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள் வேனம்மா.

காலையில் இருவரும் போய்விட்டு வருவார்கள். திரும்பி வந்தவுடன் என்ன நடந்தது என்று மருமகளிடம் தனித்தனியாக ஒப்பிப்பார்கள். "உன் புருஷன் அவன் கால் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு என் வண்டியோட தரையை ஓட்டை போட்டுடுவான் போல" என்பாள் மாமியார். "அம்மா கை ஸ்டியரிங்ல எப்படி இருக்குன்னு நீ பார்க்கணும்" என்பான் கணவன். "குழந்தையக் குளிப்பாட்டற மாதிரி. வெடுக்குன்னு ஒரு திருப்பு கிடையாது." ஒரு நாள் நடுவழியில் மழை கொட்டியது. கூரையை மூடுவதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அதே வளைவில், வேண்டுமென்றே, ஆள் இல்லாத ரோட்டில், "இப்ப அழுத்திப் பிரேக் போடும்மா" என்று அவன் சொன்னானாம். போட்டாளாம். கார் இருந்த கோட்டிலேயே நேராகக் குந்தி நின்றதாம். அதைச் சொல்லும்போது அவன் கையால் மேஜையை அறைந்து காட்டினான், உப்பு டப்பா உருண்டது. மறுநாளிலிருந்து அவளைத் தனியாகவே போக விட்டான்.

மலைப் பந்தயத்தன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. ரோட்டின் இரண்டு முனையையும் அடைத்திருந்தார்கள். அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பெரிய எஞ்சின், ஸ்டிக்கர் ஒட்டிய கதவு, கையில்லாத பனியன் போட்ட இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே பச்சைத் தவளையின் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் வேனம்மா. அவர்களில் ஒருவன் அவளை உற்றுப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"வேனம்மா! என்னை ஞாபகம் இருக்கா? தினமும் டிபன் டப்பாவ வேன்ல விட்டுட்டுப் போவேனே."

"உன்னைய மறப்பேனா? அந்த டப்பாவ எத்தனை தடவை கழுவியிருக்கேன்."

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். எது நல்ல நேரமோ அது கணக்கு. வேனம்மாவின் முறை வந்தது. கொடி இறங்கியது, கார் கிளம்பியது. மருமகள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மரங்களுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் ஏறியது, முதல் வளைவுக்கு முன் இறங்கியது, மறுபடி ஏறியது, தேய்ந்து போனது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மேலிருந்து ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தார்கள். பட்டியலில் கடைசிக்குச் சற்று மேலே.

கார் இறங்கி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது வேனம்மாவின் நரைமுடி நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. முகம் சிவந்திருந்தது.

"பத்திரமா வந்துட்டேன்ல? போதும். ரெண்டாவது தடவை போகலேன்னாலும் பரவாயில்ல." மகன் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள்.

கடைக்காரன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சூடு பார்த்தான். பின்சக்கரத்துக்குப் போனான், அதையும் தொட்டான். காற்றளவு பார்த்து, ஏறியிருந்ததைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு வெளித்தோளில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினான். ரப்பர் அதுவரைக்கும்தான் உரசிச் சொரசொரப்பாகியிருந்தது. அதற்கு அப்புறம் ஓரம் வரை புதுசு மாதிரி மினுமினுத்தது.

"இங்க வாம்மா, பாரு."

வேனம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் குனிந்தாள். மருமகளும் குனிந்தாள்.

"வளைவுல நீ இதுவரைக்கும்தான் சாஞ்சிருக்க. இதோ, இவ்வளவு இன்னும் தொடவே இல்ல. எல்லா வளைவுக்கும் முன்னாடி ரொம்பச் சீக்கிரமா பிரேக் போட்டுடற. அவ்வளவு பயப்பட வேணாம். டயர்ல இன்னும் நிறைய இருக்கு."

"இன்னும் வேகமாப் போங்கறியா?" என்றாள் வேனம்மா. "நீயா சொல்ற?"

"டயரு சொல்லுது" என்றான். அப்புறம், "நானும்தான் சொல்றேன்" என்றான்.

வேனம்மா அவன் தலையில் கை வைத்து, அதையே பிடியாக ஊன்றிக்கொண்டு எழுந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். மருமகள் அதன் வாரை இழுத்து இறுக்கிவிட்டாள்.

இரண்டாவது முறை கொடி இறங்கியது. எஞ்சின் சத்தம் மரங்களுக்குள் ஏறிப் போனது. முதல் வளைவு நெருங்கியது. போன முறை சத்தம் இறங்கிய இடம் வந்தது. இறங்கவில்லை. இன்னும் ஏறியது. பிறகு, கடைசி நொடியில், சத்தம் சட்டென்று இறங்கி, டயர்கள் மெல்லிசாக ஒரு கீச்சுக் குரல் கொடுத்து, உடனே மறுபடி உறுமிக்கொண்டு மேலே போனது.

"அதான்" என்றான் கடைக்காரன், இந்த முறை கண்ணை மூடாமலே. "அதான், அதான்... போம்மா."